மூன்று வாரத்தில் கார்ப்பெட்: யாருக்கு இந்த அவசரம்?

கண்ணாடித் தொட்டியில் செடி வைத்து மீன் வளர்க்க ஆரம்பிக்கிறவர் யாராக இருந்தாலும், முதல் மாதம் முடிவதற்குள் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார். "எப்போ மூடும்?" அதாவது முன்பக்கத்து மண் தெரியாமல் பச்சைக் கம்பளம் எப்போது விரியும்? கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. ஆசைப்பட்டு வாங்கியவர் கேட்கத்தான் செய்வார். வில்லங்கம் எல்லாம் பதிலில் இருக்கிறது.

கடைக்குப் போனால், "தம்பி, சிலிண்டர் போடாம எதுவும் நடக்காது" என்கிறார்கள். இணையத்தில் தேடினால் விதைப் பொட்டலம் வந்து நிற்கிறது. வீடியோ பார்த்தால் முதல் நாள் வெறும் மண், இருபத்தோராம் நாள் கால்பந்து மைதானம். எல்லோரும் செடியைக் காட்டுகிறார்கள், விலையைக் காட்டுகிறார்கள். அதே தண்ணீரில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் மீனை மட்டும் யாரும் காட்டுவதில்லை.

இந்தப் பதிவு சொல்ல வருவது இவ்வளவுதான். மெதுவாக வளரும் செடி நோயாளி இல்லை. அதற்கு வைத்தியம் என்ற பெயரில் விற்கப்படுவதில் பாதி தேவையற்றது, சிலது மீனின் உயிருக்கே உலை வைப்பது. செடியைப் பரவ வைப்பது நடுகிற விதம், அடிமண், அளவான வெளிச்சம், சும்மா இருக்கத் தெரிந்த கை. இந்த நாலில் முதலும் கடைசியும் இலவசம். இலவசமாகக் கிடைப்பதை விளம்பரம் செய்ய யாருக்கு என்ன லாபம்?

எந்தச் செடி?

கார்ப்பெட் செடி என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது. கியூபாவிலிருந்து வந்த ஹெமியாந்தஸ், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கத்து குளோஸோஸ்டிக்மா போன்றவை ஒரு கட்சி. இவற்றுக்குக் கடும் வெளிச்சமும் கூடுதல் கார்பன் டை ஆக்சைடும் கொடுத்தால் வாரக் கணக்கில் படரும். கொடுக்காவிட்டால் பெரும்பாலும் முரண்டு பிடிக்கும்.

இன்னொரு கட்சி மெதுவானது. அதில் தலையாயது கிரிப்டோகோரைன் பார்வா. இது இலங்கைக்கே உரிய செடி. மத்திய மலைநாட்டு ஓடைக் கரைகள்தான் அதன் சொந்த ஊர். டச்சுத் தாவரவியலாளர் டி விட் 1970இல் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். பார்வா என்றால் லத்தீனில் சின்னது. அந்தப் பேரினத்திலேயே மிகக் குள்ளமான செடி என்பதால் பெயர் பொருத்தமானதுதான். உயரம் பெரும்பாலும் 10 சென்டிமீட்டரைத் தாண்டாது. மாதத்துக்கு ஓரிரு இலை விட்டாலே பெரிய மனது.

அடுத்தது மார்சிலியா. நாலு இலை கொண்ட இந்தக் குடும்பத்தைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்தவே வேண்டாம். வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் படர்ந்து கிடக்கும் ஆரைக்கீரை, நீராரை என்பதெல்லாம் இந்த இனம்தான். தொட்டிக்காக விற்கப்படும் மார்சிலியா ஹிர்சுட்டா, அதன் ஆஸ்திரேலியச் சித்தப்பா பிள்ளை. லிலியாப்சிஸ் என்கிற குட்டிப் புல்லும் இதே வரிசையில் உட்காரும்.

இந்த இரண்டாம் கட்சிச் செடிகளை வாங்கி வைத்துக்கொண்டு முதல் கட்சியின் வேகத்தை எதிர்பார்ப்பது, வங்கியில் ஐந்து வருட டெபாசிட் போட்டுவிட்டு மறுவாரமே மேலாளரிடம் போய் வட்டி கேட்பது மாதிரி. மேலாளர் சிரிப்பார். மீன் கடையில் சிரிக்க மாட்டார்கள், இன்னொரு பொருளை எடுத்து நீட்டுவார்கள்.

விதைப் பொட்டலம்

"தூவினால் போதும், ஏழே நாளில் பச்சைப் பசேல்" என்று விற்கப்படும் விதைகளை முதலில் ஒரு கை பார்த்துவிடலாம். தூவினால் உண்மையிலேயே முளைக்கிறது. ஒரு வாரத்தில் தொட்டி பச்சையாகிறது. வாங்கியவர் படம் எடுத்துப் போட்டு ஐந்து நட்சத்திரமும் கொடுத்துவிடுகிறார். பிரச்சினை அதற்குப் பிறகுதான். இப்படி விற்கப்படுவதில் பெரும்பகுதி நிலத்தில் வளரும் செடிகளின் விதை. சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டாலும் முளை விடத்தான் செய்யும். விதைக்குள் இருக்கும் சேமிப்பு தீரும்வரை முளை நிற்கும். அது தீர்ந்ததும் தண்ணீருக்கு அடியில் வாழத் தெரியாமல் அழுகும். அழுகும் செடி தண்ணீரின் ஆக்ஸிஜனைத் தின்னும், அம்மோனியாவைக் கூட்டும். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் திரும்பி வந்து அதை அழிப்பதில்லை. வியாபாரம் நடப்பது அந்த இடைவெளியில்தான்.

இதில் உச்சம், நாலிலைப் படம் போட்ட பொட்டலங்கள். மார்சிலியா ஒரு பெரணி. பெரணிக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது, வித்து மட்டும்தான். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை மறக்காதவர் அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இல்லாத விதையைப் பொட்டலம் கட்டி விற்க முடிகிறது என்றால், அந்த அவசரம் எவ்வளவு பெரிய சந்தை என்று யோசித்துப் பாருங்கள்.

சிலிண்டரும் மீனின் மூச்சும்

விதை வெறும் மோசடி. சிலிண்டர் அப்படி இல்லை. கார்பன் டை ஆக்சைடு செடிக்கு நிஜமாகவே உணவு. அதனால்தான் அதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு சுமார் அரை மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடுதான் கரைந்திருக்கும். மீனும் பாக்டீரியாவும் விடும் மூச்சையும் சேர்த்தால் இரண்டு, மூன்று மில்லிகிராம் வரலாம். சிலிண்டர் வைப்பவர்கள் குறி வைப்பது 30 மில்லிகிராம். அதாவது சாதாரணத் தொட்டியில் இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்.

செடிக்கு இது விருந்து. மீனுக்கு? மீன் தன் ரத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை செவுள் வழியாகத் தண்ணீரில் விடுகிறது. உள்ளே அதிகம், வெளியே குறைவு என்கிற வித்தியாசத்தால்தான் அது வெளியேறுகிறது. வெளியிலும் அதிகமாகிவிட்டால் வாசல் அடைபடும். ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும். அமிலம் கூடினால் மீனின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும் திறன் குறையும். தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்தும் மீனுக்கு மூச்சு முட்டும். மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "பசிக்குது போல" என்று தீனி போடுகிறவர்களும் உண்டு.

மாணவர்கள் செய்வது இன்னும் ஆபத்தானது. சிலிண்டருக்குக் காசில்லை, எனவே பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து குழாய் விடுகிறார்கள். மலிவுதான். ஆனால் ஈஸ்ட்டுக்கு ஸ்விட்ச் கிடையாது. விளக்கை அணைத்த பிறகு செடி கார்பன் டை ஆக்சைடு எடுப்பதை நிறுத்திவிடும், பதிலுக்கு ஆக்ஸிஜனை எடுக்க ஆரம்பிக்கும். பாட்டில் மட்டும் விடியவிடிய வாயுவைத் தள்ளிக்கொண்டிருக்கும். இதோடு மின்வெட்டும் சேர்ந்து ஃபில்டரும் நின்றுவிட்டால் தண்ணீரின் மேல்பரப்பு அசையாது, உள்ளே இருக்கும் வாயு வெளியேறாது. வெயில் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் அளவில் ஆக்ஸிஜன் தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் 7.5 அளவுதான் தாங்கும். சென்னை மே மாதத்தில் 30 டிகிரி என்பது குளிர்ச்சியான தொட்டி!

"அதான் டிராப் செக்கர் இருக்கே" என்பார்கள். இருக்கிறது. நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் அதிகம். ஆனால் அந்தக் குமிழுக்குள் இருக்கும் திரவம் நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். மஞ்சளைப் பார்த்து ஓடி வருவதற்குள் மீன் இரண்டு மணி நேரமாகத் திணறிக்கொண்டிருக்கலாம்.

அப்புறம் "திரவ கார்பன்" என்ற பெயரில் வரும் புட்டிகள். பெயரைக் கேட்டால் சத்து டானிக் மாதிரி இருக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றின் அடிப்படை குளுட்டரால்டிஹைடு அல்லது அதன் உறவுக்காரப் பொருள். மருத்துவமனையில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் அதே ரசாயனம். பாசியை அது கொல்லும், உண்மை. அளவு தப்பினால் இறாலையும் மீனையும் கொல்லும், அதுவும் உண்மை. லேபிளில் முதல் உண்மைதான் பெரிய எழுத்தில் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

சரி, காசு செலவழிக்காமல் பரவலை எப்படி வேகப்படுத்துவது? இதற்கு வேதியியல் தேவையில்லை, கூட்டல் பெருக்கல் போதும்.

கார்ப்பெட் செடி ஓரத்தில்தான் வளர்கிறது. நடுவில் இருக்கும் செடிக்குப் போக இடமில்லை. ஓடுதண்டோ மட்டநிலத் தண்டோ, புது இடம் பிடிப்பது விளிம்பிலிருந்துதான். ஆகவே பரவும் வேகத்தைத் தீர்மானிப்பது பரப்பளவு இல்லை, விளிம்பின் நீளம்.

60 சென்டிமீட்டர் நீளத் தொட்டி. முன்பக்கம் 15 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கார்ப்பெட் வேண்டும். மொத்தம் 900 சதுர சென்டிமீட்டர். கடையில் ஒரு கூடை செடி வாங்கி, அப்படியே 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரே கொத்தாக நடுவில் நட்டால், அதன் விளிம்பு 15.7 சென்டிமீட்டர். அதே கொத்தைப் பிரித்து 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள 25 துண்டாக நட்டால், செடியின் மொத்தப் பரப்பு மாறாது. விளிம்பு 78.5 சென்டிமீட்டர். ஐந்து மடங்கு! செலவு, ஒரு மாலை நேரமும் கொஞ்சம் முதுகுவலியும்.

இதோடு கதை முடியவில்லை. 900ஐ 25ஆல் வகுத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் 36 சதுர சென்டிமீட்டர். அதாவது 6 சென்டிமீட்டர் இடைவெளியில் கட்டம் போட்டு நடலாம். பக்கத்துத் துண்டைத் தொட ஒவ்வொன்றும் இரண்டரை சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும், மூலைக்கு மூலை என்றால் சுமார் மூணே முக்கால். கணக்குக்காக மாதம் ஒரு சென்டிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால் நான்கு மாதத்தில் வேலை முடிந்தது. ஒரே கொத்தாக நட்டவருக்கு? தொட்டியின் ஓரத்தைத் தொட 27.5 சென்டிமீட்டர். இரண்டு வருடம் மூன்றரை மாதம். அதே செடி, அதே தண்ணீர், அதே விளக்கு.

நிஜத்தில் பார்வா மாதம் ஒரு சென்டிமீட்டர்கூட நகராமல் இருக்கலாம். அப்படியானால் இரண்டு பக்கமும் அதே விகிதத்தில் நீளும், வித்தியாசம் இன்னும் பூதாகரமாகும். செடி எவ்வளவுக்கு மெதுவோ, பிரித்து நடுவதன் மதிப்பு அவ்வளவுக்குக் கூடுதல்.

இன்னும் வேகம் வேண்டும் என்கிறவர் சிலிண்டருக்கு எடுத்து வைத்த பணத்தில் ஒரு சிறு பகுதியில் இன்னும் இரண்டு கூடை வாங்கட்டும். 75 துண்டு, மூன்றரை சென்டிமீட்டர் இடைவெளி, நகர வேண்டிய தூரம் பாதி. முதலீட்டை முதலிலேயே போட்டால் காத்திருப்பு குறையும். வணிகவியல் முதலாண்டுப் பையனுக்குத் தெரிந்த விஷயம் இது. மூன்று மாதம் கழித்து எங்கே அடர்த்தி கூடுகிறதோ அங்கிருந்து சில துண்டுகளைப் பிடுங்கி வெற்றிடத்தில் நட்டால், வட்டியைச் செலவழிக்காமல் முதலோடு சேர்த்த மாதிரி.

நடும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். கூடையில் வேரைச் சுற்றி இருக்கும் பாறைப் பஞ்சை முழுவதும் எடுத்துவிட வேண்டும். நீளமான வேரை ஓரளவு கத்தரிக்கலாம். ட்வீசரால் வேர் முழுக்க மண்ணுக்குள் போகும்படி நட்டு, இலை பிரியும் குருத்து மட்டும் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். குருத்தைப் புதைத்தால் அழுகும். மேலோட்டமாக வைத்தால் காலையில் மிதக்கும்.

செத்துவிட்டது என்று பிடுங்கப்படும் செடிகள்

இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் கொல்லப்படுவது பாசியால் இல்லை, பொறுமையின்மையால். பண்ணைகளில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில்தான் வளர்க்கிறார்கள். அந்த இலைகள் காற்றுக்காகச் செய்யப்பட்டவை. தொட்டிக்குள் மூழ்கடித்ததும் அவை பயனற்றுப் போகின்றன. கிரிப்டோகோரைன் வகைகள் ஒரு படி மேலே போய், இலைகளை மொத்தமாகக் கூழாக்கி உதிர்த்துவிடும். மேலே ஒன்றும் இருக்காது. கீழே வேர் உயிரோடு இருக்கும். சில வாரங்களில் தண்ணீருக்கு ஏற்ற புது இலையை அனுப்பும்.

அந்தச் சில வாரம் காத்திருக்க ஆளில்லை. "செத்துப்போச்சு பாஸ்" என்று பிடுங்கி எறிந்துவிட்டு இன்னொரு கூடை வாங்குகிறார்கள். அதுவும் கரையும். அதையும் பிடுங்குவார்கள். மூன்றாவது முறை கடைக்காரர் சிலிண்டரை எடுத்து வைப்பார்.

மார்சிலியா கதை வேறு மாதிரி வேடிக்கை. வாங்கும்போது நாலு இலை. தண்ணீருக்குள் வரும் புது இலை பெரும்பாலும் ஒற்றை இலை. "வேற செடியைக் கொடுத்து ஏமாத்திட்டாங்க" என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. ஏமாற்றம் எதுவும் இல்லை. செடி தண்ணீருக்குள் குடியேறிவிட்டது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

கண்ணுக்குத் தெரியாத இந்த முதலிரண்டு மாதத்தில் செடி சும்மா இல்லை, வேர் விட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு கடை திறந்த முதல் வருடம் லாபம் வராததைப் பார்த்துக் கடையை இடித்துவிட்டு மறுபடி கட்டுகிறவரை என்ன சொல்வார்கள்? இங்கே அதற்குப் பெயர் ரீஸ்கேப்பிங்.

பீப்பாயின் குட்டைப் பலகை

செடியின் வளர்ச்சியைத் தடுப்பது எது குறைவாக இருக்கிறதோ அதுதான். கார்ல் ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மானியர் 1828இல் சொன்ன விதி இது. பின்னால் லீபிக் அதைப் பரப்பியதால் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. பீப்பாயின் பலகைகளில் எது குட்டையோ அதுவரைதான் தண்ணீர் நிற்கும். மற்ற பலகைகளை எவ்வளவு உயர்த்தினாலும் வழிந்துதான் ஓடும்.

மெதுவான கார்ப்பெட் தொட்டியில் குட்டைப் பலகை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். முதலாவது அடிமண். பார்வாவும் மார்சிலியாவும் வேரால் நன்றாகச் சாப்பிடுகிறவை. கழுவிய வெறும் ஜல்லியில் நட்டுவிட்டுத் தண்ணீரில் உரத்தை ஊற்றிக்கொண்டிருப்பது, வாசலில் இலை போட்டுவிட்டுக் கொல்லையில் பந்தி பரிமாறுவதற்குச் சமம். சத்துள்ள அடிமண் போடலாம். அல்லது வேருக்கு அருகில் உர மாத்திரையைப் புதைக்கலாம். மணியின் அளவு 1 முதல் 3 மில்லிமீட்டர், ஆழம் 4 முதல் 6 சென்டிமீட்டர் இருந்தால் வேர் பிடிக்கவும் ஓடுதண்டு நகரவும் வசதி.

இரண்டாவது வெளிச்சம். அதிகம் வேண்டும் என்பதில்லை, தரைவரை வந்து சேர வேண்டும். மேலே மிதக்கும் செடியும், குடை மாதிரி நிற்கும் மரக்கட்டையும் முன்பக்கத்தை இருட்டாக்கினால் பார்வா வருடக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதே சமயம், வளரவில்லையே என்று விளக்கைப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டால் வளர்வது செடியில்லை, பாசி. மெதுவான செடியின் இலை மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும், பாசிக்கு அதைவிட நல்ல திண்ணை கிடைக்காது. ஆறு முதல் எட்டு மணி நேரம், டைமர் போட்டு, தினம் ஒரே நேரத்தில். சிலிண்டருக்கு முன்னால் வாங்க வேண்டிய கருவி இந்த டைமர்தான்.

தண்ணீர் ஊற்றாமல் ஆரம்பிக்கலாமே

கார்பன் டை ஆக்சைடுதான் தடை என்று இன்னமும் நம்புகிறவருக்கு ஒரு வழி உண்டு. அதில் ஒரு மீன்கூடச் சாகாது. காரணம், தொட்டியில் மீனே இருக்காது.

அடிமண்ணைப் போட்டு, செடியைப் பிரித்து நட்டு, மண் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடிவிட வேண்டும். விளக்கு வழக்கம்போல எரியட்டும். தினம் ஒருமுறை தாளைத் திறந்து காற்று மாற்றி, இலை காய்ந்தால் தெளிப்பானால் நனைத்தால் போதும். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு காசில்லாமல் வந்து சேரும். தண்ணீருக்குள் வாயு ஊடுருவுவதைவிடக் காற்றில் சுமார் பத்தாயிரம் மடங்கு வேகமாக ஊடுருவும் என்பதால் செடிக்கு உணவுப் பஞ்சமே இல்லை. நீர்ப்பாசித் தொல்லையும் குறைவு. ஆறு, எட்டு வாரம் கழித்து வேர் பிடித்த பிறகு மெதுவாகத் தண்ணீர் நிரப்பலாம். இதைத்தான் டிரை ஸ்டார்ட் என்கிறார்கள்.

பெயர்தான் புதுசு. வயலில் தண்ணீர் வடிந்த சேற்றில் ஆரைக்கீரை படர்வதும் இதே வித்தைதான். இலங்கை ஓடைகளில் கிரிப்டோகோரைன்கள் மழைக்காலத்தில் மூழ்கிக் கிடந்து, வறண்ட மாதங்களில் கரையில் தலைகாட்டுவதும் இதேதான். தண்ணீர் நிரப்பியதும் பார்வாவின் சில இலைகள் மறுபடி கரையலாம். பரவாயில்லை, வேர் அதற்குள் ஊன்றியிருக்கும். புது அடிமண் அம்மோனியாவை விடும் என்பதால், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீனை விட வேண்டும். இந்தக் காத்திருப்பை மட்டும் யாரும் சுருக்க முடியாது, சுருக்கவும் கூடாது.

"ஆனாலும் பாஸ்..."

இவ்வளவு சொன்ன பிறகும் மூன்று ஆட்சேபங்கள் வரும்.

ஒன்று, "தகாஷி அமானோவே சிலிண்டர் வெச்சவர்தானே?" ஆமாம். ஜப்பானின் நிகாட்டாவைச் சேர்ந்த அமானோ (1954-2015) இல்லாவிட்டால் தொட்டிக்குள் புல்வெளி என்ற எண்ணமே இவ்வளவு தூரம் பரவியிருக்காது. 1982இல் நிறுவனம் தொடங்கி, ரிக்கியாவையும் குளோஸோஸ்டிக்மாவையும் உலகம் முழுக்க எடுத்துப் போனவர் அவர். கார்பன் டை ஆக்சைடை முறையாகப் பயன்படுத்தியவரும்கூட. ஆனால் அவர் பெயரோடு சேர்ந்த சர்வதேசப் போட்டி 2001இலிருந்து நடக்கிறதே, அதற்கு அனுப்புவது தொட்டியை இல்லை, புகைப்படத்தை. அந்த ஒரு நாளுக்காக மாதக்கணக்கில் அலங்கரித்து, படம் எடுத்த பிறகு கலைக்கப்பட்டுவிடும் தொட்டிகள் ஏராளம். கல்யாண மண்டப அலங்காரத்தைப் பார்த்துவிட்டு வீட்டைக் கட்டக் கூடாது.

இரண்டு, "ஜாக்கிரதையா வெச்சா ஒண்ணும் ஆகாது." இதுவும் சரிதான். விளக்கோடு சேர்ந்து அணையும் சோலினாய்ட் வால்வு, டிராப் செக்கர், மேல்பரப்பு அசையும்படி ஃபில்டர், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் பொறுமை என்று எல்லாம் செய்கிறவர் தொட்டியில் மீன் நன்றாகவே இருக்கும். அவரோடு சண்டை இல்லை. ஆனால் அவ்வளவு பொறுமை உள்ளவருக்குத்தான் சிலிண்டர் பாதுகாப்பானது. பொறுமை இல்லாதவருக்கு விற்பதுதான் இங்கே வியாபாரம். முரண்பாடு புரிகிறதா?

மூன்று, "ஒரு வருஷம் யாருங்க காத்திருப்பாங்க?" இதற்கும் கணக்கே பதில். வேகமாகப் படரும் கார்ப்பெட் வேகமாகவே தடிக்கும். வாரக் கணக்கில் கத்தரிக்காவிட்டால் அடி அடுக்குக்கு வெளிச்சம் கிடைக்காமல் அழுகி, ஒரு நாள் பாய் மாதிரி மொத்தமாகப் பெயர்ந்து மிதக்கும். மறுபடி முதலிலிருந்து. பார்வா படர்ந்துவிட்டால் பழுத்த இலையைக் கிள்ளி எறிவதைத் தவிர வேறு வேலையில்லை. மார்சிலியா உயரமாக விட்ட இலைகளை எப்போதாவது கத்தரித்தால் போதும். ஒன்றில் முதலீட்டுக் காலம் குறைவு, தொடர் செலவு முடிவதே இல்லை. இன்னொன்றில் ஆரம்பத்தில் காத்திருப்பு, பிறகு வருடக்கணக்கில் நிம்மதி. செலவுக் கணக்கை மூன்று வாரத்துக்கு எழுதினால் ஒரு விடை, மூன்று வருடத்துக்கு எழுதினால் வேறு விடை. விற்கிறவர் எப்போதும் மூன்று வாரக் கணக்கைத்தான் காட்டுவார்.

யாருடைய தொட்டி?

கடைசியாக ஒன்று. தொட்டியில் வாடகைக்கு இருப்பவர்கள் இரண்டு தரப்பு. செடிக்குத் தாமதம் ஒரு நஷ்டமே இல்லை. மலைநாட்டு ஓடைக் கரையில் அதை யாரும் நாள் எண்ணி வளர்க்கவில்லை. மீனுக்கும் கார்ப்பெட் மூடாவிட்டால் ஒரு குறையும் இல்லை. இலங்கை ஓடைகளின் செர்ரி பார்ப் மண்ணைக் கிளறாது, சின்னச் செடியைப் பிடுங்காது. பாதி மூடிய தரையில் நிழலும் வெளிச்சமும் மாறி மாறி விழுந்தால் அதற்கு அதுவே போதும். அவசரப்படும் ஒரே ஆள் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறார். அவருடைய அவசரத்துக்கான ரசீது மட்டும் கண்ணாடிக்கு உள்ளே இருப்பவர்கள் பெயரில் எழுதப்படுகிறது.

எனவே கார்ப்பெட் வைக்க ஆசைப்படுகிறவர்கள் பர்ஸைத் திறப்பதற்கு முன் ட்வீசரை எடுங்கள். இருக்கும் கொத்தைப் பிரித்து நடுங்கள். வேருக்கு ஒரு மாத்திரை, விளக்குக்கு ஒரு டைமர். பிறகு மூன்று மாதம் கையைத் தொட்டிக்குள் விடாமல் இருந்து பாருங்கள். அதற்குப் பிறகும் சிலிண்டர் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்கலாம். கடை எங்கும் ஓடிவிடாது. மீன்தான், ஒருமுறை போனால் திரும்பாது.